சோடியத்துக்கு எண்ணத் தெரியுமா? இரசாயனப் பிணைப்பு படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

திருகோணமலை மாவட்டத்து உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேர வகுப்பு நடத்துகிறேன். பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளும் வருவார்கள். உயர்தரத்தில் இரசாயனவியல் எடுத்துவிட்டு முதல் மாதமே முழிக்கிற பிள்ளைகளும் வருவார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், சோடியத்துக்கு எட்டு வேணுமெண்டு எப்பிடித் தெரியும்? அதுக்கு எண்ணத் தெரியுமா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன். அன்றிரவு சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது, அவளுக்கு நான் பதிலே சொல்லவில்லை என்று. "சோடியம் ஒன்றைக் கொடுக்க விரும்புகிறது, குளோரீன் ஒன்றை வாங்க விரும்புகிறது" என்று கலியாணப் பேச்சுப் போலப் பாடம் நடத்திப் பழகிவிட்டோம். அணுவுக்கு விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. அதனிடம் இருப்பது மின்னேற்றம். நேரேற்றம் கொண்ட கரு, மறையேற்றம் கொண்ட இலத்திரன்களை இழுக்கும். இரண்டு அணுக்கள் கிட்ட வரும்போது மொத்தச் சக்தி குறையுமானால் அவை சேர்ந்து நிற்கும். குறையாவிட்டால் அதனதன் பாட்டில் போகும். இலத்திரன்கள் கருவைச் சுற்றி ஓடு ஓடாக நிற்கும்; வெளி ஓட்டில் எட்டு இலத்திரன் என்பது இந்தக் கணக்கின் விடை அடிக்கடி வந்து நிற்கிற இடம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். கொப்பி, பென்சில், ஆவர்த்தன அட்டவணை மூன்றும் கையில் இருக்கட்டும்.

முதற்படி: வெளி ஓட்டை எண்ணுங்கள்

பிணைப்பில் பங்கெடுப்பவை பெரும்பாலும் வெளி ஓட்டில் இருக்கும் இலத்திரன்கள்தான். உள்ளே இருப்பவை கருவோடு இறுகிக் கிடக்கும். அவற்றை அசைக்க முடியாது. சோடியத்தில் 11 இலத்திரன், ஆகவே உள்ளிருந்து ஓடுவாரியாக 2, 8, 1. குளோரீன் 17, ஆகவே 2, 8, 7. ஒட்சிசன் 2, 6. காபன் 2, 4. முதல் இருபது மூலகங்களையும் ஒருதரம் எழுதிப் பாருங்கள், பத்து நிமிட வேலை. பொற்றாசியத்தில் 2, 8, 9 என்று எழுதிவிடாதீர்கள். அது 2, 8, 8, 1. மூன்றாம் ஓடு 18 வரை கொள்ளும் என்பது உண்மைதான், ஆனாலும் எட்டோடு நாலாம் ஓடு திறந்துவிடும்.

இரண்டாம் படி: எந்த வகை என்று ஊகியுங்கள்

உலோகமும் அல்லுலோகமும் சேர்ந்தால் அயன் பிணைப்பு; அயன் என்றால் இலத்திரனை இழந்தோ பெற்றோ ஏற்றம் அடைந்த அணு அல்லது அணுக்கூட்டம். அல்லுலோகமும் அல்லுலோகமும் சேர்ந்தால் பங்கீட்டு வலுப்பிணைப்பு. உலோகம் தனியே இருந்தால் உலோகப் பிணைப்பு. சாதாரண தரத்துக்கு இது போதும்.

உயர்தரத்துக்குப் போகிறவர்கள் இதை ஒரு கைக்கணக்காக மட்டும் வைத்திருங்கள். லைனஸ் போலிங் 1932இல் மின்னெதிர்த்தன்மைக்கு ஓர் அளவுகோல் கொடுத்தார். பிணைப்பில் இருக்கும் இலத்திரன்களை ஓர் அணு எவ்வளவு தன் பக்கம் இழுக்கிறது என்பதன் அளவு அது. இன்று பாவிக்கும் பெறுமானங்களில் புளோரீன் 3.98, ஒட்சிசன் 3.44, குளோரீன் 3.16, காபன் 2.55, ஐதரசன் 2.20, சோடியம் 0.93. இரண்டின் வித்தியாசம் 1.7ஐத் தாண்டினால் அயன் பிணைப்பு என்று பல குறிப்புப் புத்தகங்களில் ஒரு கோடு கீறியிருப்பார்கள். சோடியத்துக்கும் குளோரீனுக்கும் 2.23, அந்தக் கோட்டுக்குச் சரியாக வருகிறது. ஐதரசனுக்கும் புளோரீனுக்கும் 1.78, ஆனால் ஐதரசன் புளோரைட்டு 20 பாகை செல்சியசுக்குக் கிட்ட ஆவியாகிவிடும் மூலக்கூற்றுச் சேர்வை. அலுமினியம் உலோகம், குளோரீன் அல்லுலோகம். இருந்தும் அலுமினியம் குளோரைட்டு 180 பாகை அளவில் பதங்கமாகி, அதாவது உருகாமலே ஆவியாகி, பறந்துவிடும். வழமையான அயன் பளிங்கு அப்படிப் பறக்காது.

நம் மாவட்டத்து உதாரணமும் ஒன்று இருக்கிறது. புல்மோட்டைக் கரையில் கறுப்பாகப் பளபளக்கும் மணலை அள்ளிப் பார்த்திருப்பீர்கள். அதில் முக்கியமானது இல்மனைற்று: ஓர் இரும்பு, ஒரு தைத்தேனியம், மூன்று ஒட்சிசன் என்ற விகிதம். வெள்ளைப் பெயின்ற்றுக்கு வெண்மை கொடுக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு இப்படியான மணலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. தைத்தேனியத்துக்கும் ஒட்சிசனுக்கும் வித்தியாசம் 1.9. புத்தகக் கோட்டின்படி அயன். உண்மையில் அந்தப் பிணைப்பில் பங்கீட்டுக் குணமும் நன்றாகக் கலந்திருக்கிறது. ஆகவே வகை கேட்டால் "எந்தப் பக்கம் கூடச் சாய்கிறது" என்று யோசியுங்கள். நடுவில் மதில் ஒன்றும் இல்லை.

மூன்றாம் படி: அயன் பிணைப்பு, கணக்கோடு

மாணவியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஆறுதலாக வாசியுங்கள்.

ஒரு மூல் (அணுக்களை எண்ணப் பாவிக்கும் ஒரு பெரிய நிலையான தொகை) சோடியம் அணுக்களை வாயு நிலையில் எடுத்து, ஒவ்வொன்றிலுமிருந்து ஓர் இலத்திரனைப் பிடுங்க 496 கிலோயூல் செலவாகும். ஆம், செலவு. சோடியம் சும்மா கொடுப்பதில்லை. அந்த இலத்திரன்களைக் குளோரீன் அணுக்களிடம் கொடுத்தால் 349 கிலோயூல் திரும்பக் கிடைக்கும். இதோடு கணக்கை மூடினால் 147 கிலோயூல் நட்டம். "கொடுத்தான், வாங்கினான், இருவரும் சந்தோசம்" என்ற கதை இந்த இடத்தில் உடைந்துபோகிறது.

நட்டத்தை அடைப்பது அடுத்த வேலை. நேரேற்றம் கொண்ட சோடியம் அயன்களும் மறையேற்றம் கொண்ட குளோரைட்டு அயன்களும் ஒன்றையொன்று இழுத்து, மாறிமாறி அடுக்கிப் பளிங்காகும்போது 787 கிலோயூல் வெளிவரும். இதற்குச் சாலகச் சக்தி என்று பெயர். சோடியத்தை ஆவியாக்க 107, குளோரீன் மூலக்கூற்றைப் பிளந்து அணுக்களாக்க 121 என்ற செலவுகளையும் சேர்த்துக் கழித்துப் பாருங்கள்: 107, 121, 496 மூன்றும் செலவு, 349, 787 இரண்டும் வரவு. மிச்சம் 412. ஆய்வுகூடத்தில் அளந்த பெறுமானம் 411. தசமங்களை வெட்டியதால் வந்த ஒன்றை விட்டுவிடலாம்.

சரி, இரண்டாவது இலத்திரனையும் சோடியம் கொடுத்தால் என்ன? அது உள் ஓட்டிலிருந்து வரவேண்டும். அதற்கு 4,560 கிலோயூல் அளவில் வேண்டும். எந்தப் பளிங்காலும் அந்தக் கடனை அடைக்க முடியாது. ஒன்றோடு நிற்பது அதனால்தான். சோடியம் எண்ணவில்லை, கணக்கு நின்றுவிட்டது.

மகனீசியம் ஒட்சைட்டைப் பார்த்தால் இன்னும் தெளியும். ஒட்சிசனுக்கு முதல் இலத்திரனைக் கொடுக்கும்போது கொஞ்சம் சக்தி வெளிவரும். இரண்டாவதை ஏற்ற நாம்தான் சக்தி செலவழிக்க வேண்டும், ஏனென்றால் மறையேற்றம் உள்ள இடத்துக்குள் இன்னொரு மறையேற்றத்தைத் தள்ளுகிறோம். "ஒட்சிசனுக்கு இரண்டு வேண்டும்" என்று சொல்லும்போது இது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. இந்தச் செலவையெல்லாம் கட்டிமுடிப்பது 3,800 கிலோயூலுக்குக் கிட்ட வரும் சாலகச் சக்தி. ஏற்றங்கள் இரட்டிப்பு, அயன்கள் சிறியவை, ஆகவே இழுவை பலமடங்கு. அதனால்தான் உப்பு 801 பாகையில் உருகும்போது மகனீசியம் ஒட்சைட்டு 2,850 பாகை அளவுவரை தாக்குப்பிடிக்கிறது.

சூத்திரம் எழுதுவது சின்ன வேலை. மொத்த நேரேற்றமும் மொத்த மறையேற்றமும் சமனாக வேண்டும், அவ்வளவுதான். மகனீசியம் இரண்டு நேர், குளோரைட்டு ஒரு மறை; ஆகவே ஒன்றுக்கு இரண்டு. அலுமினியம் மூன்று நேர், ஒட்சைட்டு இரண்டு மறை; ஆகவே இரண்டுக்கு மூன்று.

ஒரு பிழையை மட்டும் செய்யாதீர்கள். "சோடியம் குளோரைட்டு மூலக்கூறு" என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். உப்புக் கல்லில் சோடி சோடியாக யாரும் இல்லை. ஒவ்வொரு சோடியம் அயனையும் சுற்றி ஆறு குளோரைட்டு, ஒவ்வொரு குளோரைட்டையும் சுற்றி ஆறு சோடியம். நிலாவெளி உப்பளப் பக்கம் போனால் கடல்நீர் வற்ற வற்றச் சதுரம் சதுரமாக விளையும் உப்பைப் பாருங்கள். உள்ளே இருக்கும் அந்த அடுக்குத்தான் வெளியே சதுரமாகத் தெரிகிறது.

நாலாம் படி: பங்கீட்டு வலுப்பிணைப்பைக் கீறுங்கள்

1916இல் கில்பேட் லூயிஸ் என்ற அமெரிக்கர், இரண்டு அணுக்கள் ஒரு சோடி இலத்திரனைப் பொதுவாக வைத்திருப்பதே பிணைப்பு என்று எழுதினார். இன்றைக்கும் நாம் புள்ளியும் கோடும் போட்டுக் கீறுவது அவர் வழிதான்.

பங்கிடுவது என்றால் என்ன? எங்கள் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்குவது சுகம். இரண்டு பக்கமும் கயிறு, இரண்டு பக்கமும் ஆட்கள், நடுவில் மடி. இரு பகுதியாரும் ஒருவரையொருவர் இழுப்பதில்லை. இருவரும் இழுப்பது மடியை. அப்படித்தான் இரண்டு நேரேற்றக் கருக்களும் நடுவில் நிற்கும் இலத்திரன் சோடியை இழுக்கின்றன. அந்தச் சோடி இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஒரு பக்கம் ஆட்பலம் கூடினால் மடி அந்தப் பக்கம் சாயும். மின்னெதிர்த்தன்மை கூடிய அணுவின் பக்கம் இலத்திரன்கள் சாய்வதும் அதுபோல. அதற்கு முனைவுத்தன்மை என்று பெயர். உவமை இதோடு சரி. கருக்கள் மிகக் கிட்ட வந்தால் ஒன்றையொன்று தள்ளும். கரைவலைக்காரர் அப்படித் தள்ளுவதில்லை. ஐதரசன் மூலக்கூற்றில் இழுவையும் தள்ளுகையும் சமனாகும் தூரம் 74 பிக்கோமீற்றர். அந்தப் பிணைப்பை உடைக்க மூலுக்கு 436 கிலோயூல் வேண்டும்.

இனிக் கீறும் முறை. காபனீரொட்சைட்டை எடுப்போம்.

வெளி ஓட்டு இலத்திரன்களைக் கூட்டுங்கள்: காபன் 4, ஒட்சிசன் 6, இன்னோர் ஒட்சிசன் 6. மொத்தம் 16. காபனை நடுவில் வையுங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோடு. ஒரு கோடு என்றால் இரண்டு இலத்திரன், ஆகவே 4 முடிந்தது. மிச்சம் 12ஐ வெளியே நிற்கும் ஒட்சிசன்களுக்கு ஆறாறாகப் பிரித்துப் புள்ளி வையுங்கள். இப்போது ஒட்சிசன்களைச் சுற்றி எட்டெட்டு வந்துவிட்டது. காபனைச் சுற்றி நாலுதான். எனவே ஒவ்வோர் ஒட்சிசனிலிருந்தும் ஒரு தனிச்சோடியை, அதாவது பிணைப்பில் சேராத சோடியை, பிணைப்புக்குள் கொண்டுவந்து இரட்டைக் கோடாக்குங்கள். முடிந்தது.

எங்கள் பிள்ளைகள் பிழைவிடுவது பெரும்பாலும் கூட்டலில்தான். கீறி முடித்தபின் புள்ளிகளையும் கோடுகளையும் மறுபடி எண்ணுங்கள். 16 வராவிட்டால் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். ஒட்டுப்போட்டுச் சரிக்கட்டப் பார்த்தால் நேரம்தான் போகும்.

அயனாக இருந்தால் ஏற்றத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காபனேற்று அயன்: காபன் 4, மூன்று ஒட்சிசனுக்கு 18, இரண்டு மறையேற்றத்துக்கு 2, மொத்தம் 24. மேலே சொன்னபடி கீறினால் ஓர் ஒட்சிசனுக்கு மட்டும் இரட்டைக் கோடு வரும். எந்த ஒட்சிசனுக்கு? எதற்கும் போடலாம். அளந்து பார்த்தால் மூன்று பிணைப்பும் ஒரே நீளம். உண்மையான அயன் நாம் கீறும் மூன்று படங்களுக்கும் பொதுவானது. இதைப் பரிவு என்கிறோம்.

இந்தக் காபனேற்றை நான் விரும்பிப் படிப்பிப்பதற்குக் காரணம் முருகைக்கல். புறாத்தீவைச் சுற்றிக் கடலுக்குள் இருக்கும் முருகைக்கல் கல்சியம் காபனேற்று. காபனுக்கும் ஒட்சிசனுக்கும் நடுவில் பங்கீட்டு வலுப்பிணைப்பு; அந்தக் காபனேற்று அயனுக்கும் கல்சியம் அயனுக்கும் நடுவில் அயன் பிணைப்பு. ஒரே கல்லில் இரண்டு வகையும். அந்தக் காலத்தில் கரையோரங்களில் இப்படியான கல்லைச் சூளையில் வைத்துச் சுண்ணாம்பு சுடுவார்கள். 900 பாகை அளவில் காபனேற்றே உடைந்து காபனீரொட்சைட்டு வெளியேறும். கல்சியம் ஒட்சைட்டு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். ஆச்சிமாரின் வெற்றிலைத் தட்டத்தில் இருக்கும் சுண்ணாம்பு அதுதான். முருகைக்கல்லை உடைப்பது இப்போது சட்டப்படி குற்றம், ஆகவே உதாரணத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

எட்டு விதி மீறப்படும் இடங்களையும் தெரிந்து வைத்திருங்கள். ஐதரசனுக்கு இரண்டு போதும். போரன் மூபுளோரைட்டில் போரனைச் சுற்றி ஆறுதான். கந்தக அறுபுளோரைட்டில் கந்தகத்தைச் சுற்றி ஆறு பிணைப்பு, அதாவது பன்னிரண்டு. ஏற்கெனவே வெளி ஓடு நிறைந்த விழுமிய வாயுக்கள் எதனோடும் சேராது என்று உலகமே நம்பிக்கொண்டிருக்க, 1962இல் நீல் பாட்லெற் செனன் வாயுவைச் சேர்வையாக்கிக் காட்டினார். எட்டு இருந்தும் அது சேர்ந்தது, ஏனென்றால் அங்கேயும் சக்திக் கணக்கு இலாபத்தில் முடிந்தது.

ஐந்தாம் படி: உலோகம்

இது சுருக்கம். உலோகத்தில் வெளி ஓட்டு இலத்திரன்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமாக நிற்பதில்லை; நேரயன்களின் அடுக்குக்குள் எங்கும் திரியும். அதனால்தான் செம்பு மின்னைக் கடத்தும். அடித்தால் தகடாகும், அடுக்குகள் வழுக்கினாலும் இலத்திரன்கள் சுற்றி நின்று பிடித்துக்கொள்ளும். உப்புக் கல்லை அடித்துப் பாருங்கள், தூளாகும். ஓர் அடுக்கு நகர்ந்ததும் நேருக்கு நேரும் மறைக்கு மறையும் எதிரே வந்து ஒன்றையொன்று தள்ளிவிடும்.

ஆறாம் படி: மூலக்கூறுகளுக்கு நடுவே

"தண்ணீர் கொதிக்கும்போது ஐதரசன் ஒட்சிசன் பிணைப்பு உடைகிறது" என்று வருடத்துக்கு இரண்டு பேராவது எழுதுவார்கள். உடைவதில்லை. உடைந்தால் கேத்திலின் மூக்கிலிருந்து ஐதரசன் வாயு வரும், குசினியே எரிந்துபோகும். ஓர் ஐதரசன் ஒட்சிசன் பிணைப்பை உடைக்க மூலுக்கு 463 கிலோயூல் வேண்டும். கொதிநிலையில் தண்ணீரை ஆவியாக்க 41 போதும். அந்த 41, மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் செலவு.

தண்ணீர் மூலக்கூறு நேர்கோடாக இல்லாமல் 104.5 பாகையில் வளைந்திருக்கும். ஒட்சிசன் பக்கம் சற்று மறை, ஐதரசன் பக்கம் சற்று நேர். ஒன்றின் ஐதரசன் மற்றதன் ஒட்சிசனைப் பிடித்துக்கொள்ளும். அதுதான் ஐதரசன் பிணைப்பு. தண்ணீரின் மூலக்கூற்றுத் திணிவு 18, மெதேனுடையது 16. கிட்டத்தட்ட ஒரே நிறை. மெதேன் மறை 162 பாகையில் கொதிக்கும், தண்ணீர் 100 பாகையில். பெயரில் பிணைப்பு என்று இருந்தாலும் இது பங்கீட்டு வலுப்பிணைப்பை விட மிக மெலிந்தது என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொரு தவறான நம்பிக்கை: "பிணைப்பை உடைத்தால் சக்தி வரும்". வராது. பிணைப்பை உடைக்க எப்போதும் செலவு, பிணைப்பு உருவாக எப்போதும் வரவு. காஸ் அடுப்பைத் திறந்ததும் காஸ் தானாக எரியாமல் ஒரு பொறி கேட்பது, முதலில் சில பிணைப்புகளை உடைக்க வேண்டியிருப்பதால்தான். பிறகு காபனீரொட்சைட்டும் நீராவியும் உருவாகும்போது வரும் சக்தி, செலவை விடக் கூட, சோறு வேகிறது.

வீட்டில் செய்து பார்க்க

ஒரு 9 வோல்ற்றுப் பற்றரி, சின்னச் சிவப்பு எல்ஈடி ஒன்று, 470 ஓம் தடை ஒன்று, மூன்று துண்டு வயர். எல்லாவற்றையும் தொடராக இணைத்து, ஓரிடத்தில் மட்டும் வயர் முனைகள் இரண்டை ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் திறந்து வையுங்கள். முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் எல்ஈடி எரிய வேண்டும். எரியாவிட்டால் அதன் கால்களை மாற்றிப் போடுங்கள்.

இனி முனைகளைக் காய்ந்த உப்பில், சீனியில், சீனிக் கரைசலில், உப்புக் கரைசலில் ஒவ்வொன்றாக வையுங்கள். உப்புக் கரைசலில் மட்டும் நன்றாக எரியும். காய்ந்த உப்பிலும் அயன்கள் இருக்கின்றன, ஆனால் அசைய வழியில்லை. சீனி கரைந்தாலும் முழு மூலக்கூறாகவே கரைகிறது, ஏற்றம் இல்லை.

ஒருமுறை வகுப்பில் காய்ந்த உப்பிலேயே மங்கலாக எரிந்து என் மானம் போனது. எங்கள் கடற்காற்றில் சாடியில் இருக்கும் உப்பு ஈரம் பிடித்துவிடும், அதில் கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டு ஈரத்தை இழுப்பதால். அதற்குப் பிறகு உப்பைத் தாச்சியில் வறுத்து, ஆறவிட்டுத்தான் செய்கிறேன்.

கரைசலில் ஒரு நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். நேர்முனையில் குளோரீன் வரத் தொடங்கும், மணத்திலேயே தெரியும். யன்னலைத் திறந்து வையுங்கள். வீட்டுச் சுவர் மின்சாரத்தோடு இதைச் செய்து பார்க்கிற எண்ணமே வேண்டாம்.

கடைசியாகப் பயிற்சிக்கு மூன்று. அமோனியா: மொத்தம் 8 இலத்திரன், மூன்று பிணைப்பு, நைதரசனில் ஒரு தனிச்சோடி. காபன் நாற்குளோரைட்டு: மொத்தம் 32. மூன்றாவது நவச்சாரம், அதாவது அமோனியம் குளோரைட்டு. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் பாவிப்பது. இரண்டாம் படியில் சொன்ன கைக்கணக்கைப் போட்டால் உலோகமே இல்லை, ஆகவே பங்கீட்டு வலு என்று விடை வரும். கரைத்து எல்ஈடி சுற்றில் வைத்தால் பளிச்சென்று எரியும். அமோனியாவின் தனிச்சோடி ஓர் ஐதரசன் அயனைப் பிடித்து அமோனியம் அயனாகிறது. அந்த அயனுக்குள் நாலும் பங்கீட்டு வலுப்பிணைப்பு, குளோரைட்டோடு இருப்பது அயன் பிணைப்பு. அந்த அமோனியம் அயனைக் கீறிப் பாருங்கள். கூட்டும்போது நேரேற்றத்துக்கு ஒன்றைக் கழிக்க வேண்டும். 8 வந்தால் சரி.